திறனற்றோர் பட்டியல்

1968 ஜூன் 7 அன்று, லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருந்த ஃபோர்டு நிறுவனத்தின் டாகன்ஹாம் ஆலையில் 187 பெண்கள் தையல் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவர்கள் அவர்கள். மூன்று வாரம் வேலைக்குத் திரும்பவில்லை. உறை இல்லாத இருக்கையோடு காரை விற்க முடியாது என்பதால் ஆலையே முடங்கத் தொடங்கியது. வேலைவாய்ப்பு அமைச்சர் பார்பரா காசில் அவர்களை அழைத்துப் பேசினார். அதே வகுப்பில் இருந்த ஆண்களின் கூலியில் 85 சதவீதம் மட்டுமே பெற்றுவந்த அந்தப் பெண்களுக்கு 92 சதவீதம் என்று முடிவானது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1970இல், பிரிட்டன் சம ஊதியச் சட்டத்தை இயற்றியது. 2010இல் இந்தப் போராட்டம் திரைப்படமாகவும் வந்தது.

சம ஊதியப் போராட்டம் என்றே வரலாற்று நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. அந்தப் பெண்கள் கதவைத் தாண்டி வெளியே வந்தபோது முதலில் கேட்டது வேறு. ஃபோர்டு நிர்வாகம் அதற்குச் சற்று முன்புதான் ஆலையின் எல்லா வேலைகளையும் மதிப்பிட்டு ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்திருந்தது. இருக்கை உறை தைப்பது பி வகுப்பில் விழுந்தது. திறன் குறைந்த உற்பத்தி வேலை என்று அதற்குப் பொருள். திறன் மிகுந்த வேலைகளுக்கு சி. இத்தனைக்கும் தைக்கத் தெரியுமா என்று இயந்திரத்தில் உட்காரவைத்துப் பார்த்துத்தான் அந்தப் பெண்களை வேலைக்கே எடுத்திருந்தார்கள். தேர்வு வைத்து எடுத்த வேலையைத் திறன் குறைந்தது என்று எழுதியதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1968 ஒப்பந்தம் பணத்தைக் கொடுத்தது, பி என்ற எழுத்தைத் தொடவில்லை. அதை மாற்ற 1984இல் மறுபடியும் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அப்போதுதான் சி கிடைத்தது. 

பதினாறு ஆண்டு ஒரு பெயரடையை எதிர்த்து நின்றிருக்கிறார்கள். கூலி உயர்ந்த பிறகும் ஏன் விடவில்லை என்பதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். பணம் அந்தச் சொல்லின் விளைவு. அடுத்த ஊதிய உயர்வு, அடுத்த பதவி, ஆள்குறைப்பு வந்தால் யார் பெயர் முதலில் என்பது வரைக்கும் அந்தச் சொல்தான் முடிவு செய்யும். சொல் அப்படியே இருக்க, கூட்டிக் கொடுத்த பணம் சலுகையாகவே இருக்கும். இன்னொன்றும் உண்டு. காலையிலிருந்து மாலைவரை விரலும் கண்ணும் ஒருசேர ஓடும் வேலையைச் செய்துவிட்டு வருபவரிடம், நீ செய்ததில் தெரிந்துகொள்ள எதுவுமில்லை என்று சொல்வது அவருடைய அறிவை மறுப்பது. அந்த மறுப்பை எந்தக் கூலி உயர்வும் ஈடுசெய்யாது.

இதே வகையைச் சேர்ந்த 'அன்ஸ்கில்டு' என்ற ஆங்கிலச் சொல் நம் ஊரிலும் அப்படியே புழங்குகிறது. ஒப்பந்தக்காரர் கைபேசியில் ஆள் கேட்கும்போது, 'ஸ்கில்டு நாலு, அன்ஸ்கில்டு பத்து' என்றுதான் கேட்கிறார். அகராதியைத் திறந்தால் அதற்கு இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று ஆளைப் பற்றியது: திறன் இல்லாதவர். மற்றது வேலையைப் பற்றியது: திறன் தேவைப்படாதது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கூலிப் பட்டியலில் அந்தச் சொல் வேலையின் மேல் எழுதப்பட்டு, மறுநாளே அதைச் செய்கிற ஆளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. வேலைக்குத் திறன் வேண்டாம் என்று எழுதியவர், அதைச் செய்பவரிடம் திறன் இல்லை என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்.

முதல் பொருளில் இந்தச் சொல்லைக் கையாண்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் இருவரும் 1999இல் வெளியிட்டது. தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, நீங்கள் எந்த இடத்தில் இருப்பீர்கள் என்று அவர்களையே கேட்டார்கள். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள், நூறு பேரில் சராசரியாக 12 பேரை மட்டுமே மிஞ்சியிருந்தும், 62 பேரை மிஞ்சியிருப்பதாக நினைத்தார்கள். அந்த ஆய்வின் முடிவுகளைப் பற்றிப் பிறகு நிறைய விவாதம் நடந்திருக்கிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அங்கே ஒருவரைத் திறனற்றவர் என்று சொல்லும் முன் அவருக்குத் தேர்வு வைத்தார்கள். கூலிப் பட்டியலில் அப்படி யாருக்கும் யாரும் தேர்வு வைப்பதில்லை. வேலையின் பெயரைக் கேட்டதும் வகுப்பு தீர்மானமாகிவிடுகிறது.

நம் சட்டங்களைப் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கைகள் தொழிலாளர்களைத் திறனற்றோர், ஓரளவு திறன் பெற்றோர், திறன் பெற்றோர், உயர்திறன் பெற்றோர் என்று அடுக்கின. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்த நான்கையும் அப்படியே எடுத்துக்கொண்டது. திறனோ அனுபவமோ அதிகம் தேவைப்படாத எளிய வேலை என்பது முதல் வகுப்புக்குத் தரப்படும் விளக்கம். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நாம் நூறு நாள் வேலை என்று சொல்வது, இன்னும் துலக்கமாகச் சொன்னது. திறனோ தனிப்பயிற்சியோ இல்லாமல் வயதுவந்த எவரும் செய்யக்கூடிய உடலுழைப்பு எதுவோ அதுவே அதன் வேலை. இந்த வரையறையின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். யாரையும், உனக்குத் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட வரி அது. கோடிக்கணக்கான பெண்களுக்கு அதன் வழியேதான் கையில் காசு வந்தது.

ஆனால் கதவைத் திறந்துவிட்ட அதே வரி, உள்ளே நடக்கும் வேலையில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டது. ஏரிக் கரையை உயர்த்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மண் கரைக்கு ஆகும், எது நீர் பட்டால் கரையும், கரையின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளி மண்ணை வெட்டினால் கரை சரியாது, ஒரே நாளில் உயரமாகக் கொட்டாமல் ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டு ஏன் மிதிக்க வேண்டும் என்பதையெல்லாம் அறிந்த மூத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மண்வெட்டுவதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட ஒட்டர் சமூகத்தார் தென்னாட்டில் ஏரி, கிணறு, கால்வாய் என்று வெட்டிவைத்தவை ஏராளம். வேலையை அளப்பவரின் அளவுகோலில் கன மீட்டர் மட்டும்தான் விழும். எந்த மண் என்ற தெளிவு விழாது. கணக்கில் விழாத அறிவைக் கேட்க ஆளில்லாமல் போகும்போது, அடுத்த தலைமுறைக்கு அதைச் சொல்லவும் ஆளில்லாமல் போகிறது.

களையெடுப்பைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். வேளாண் வேலைகளிலேயே எளிது என்று கருதப்படுவது அது. ஏறத்தாழ எல்லா இடத்திலும் பெண்களின் வேலை. உழவுக்கு ஒரு கூலி, களையெடுப்புக்கு அதைவிடக் குறைவு என்பது நெடுங்கால வழக்கம். நெல் நட்டு இருபது நாளில் முதல் களை, நாற்பதாம் நாளை ஒட்டி இரண்டாம் களை. பயிருக்கு நடுவே குனிந்து, இரண்டு கையாலும் துழாவிக்கொண்டே நகர்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கண்டதையும் பிடுங்குவதுபோல இருக்கும்.

பயிருக்கு நடுவே முளைக்கும் புல்லில் குதிரைவாலி இனத்தைச் சேர்ந்த ஒன்று உண்டு. இளம் பருவத்தில் நெல்லோடு நெல்லாக நிற்கும். அதே பச்சை, அதே உயரம், அதே இலையகலம். நூல் படித்தவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்லித்தருவார்கள். நெல்லின் இலை தண்டைத் தழுவுகிற இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்றும் காதுபோல இரண்டு சிறு மடல்களும் இருக்கும், அந்தப் புல்லுக்கு இரண்டும் கிடையாது. இதைப் பார்க்க வேண்டுமானால் இலையை விலக்கி, கண்ணருகே கொண்டுவர வேண்டும். வயலில் அதற்கு நேரமில்லை. சேற்றுத் தண்ணீருக்குள், குத்துக்குக் குத்து, ஒரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். தவறிப் பிடுங்கினால் நெல் போகும், விட்டால் புல் கதிர்விட்டு அடுத்த ஆண்டுக்கும் விதை கொட்டும்.

மன்னார்குடிப் பக்கத்து வயல் ஒன்றில் வரப்பில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் அக்கா என்று கேட்டேன். 'கைக்குத் தெரியும் தம்பி. வாயால சொல்லத் தெரியாது' என்றார் ஒருவர். அவருக்கு வலப்பக்கத்தில் புதிதாக வந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு தூரைப் பிடித்ததும், இவர் தலை நிமிராமலே, 'அது பயிருடி, விடு' என்றார். பிறகு அவள் கையைப் பிடித்து, அடுத்ததன் அடித்தண்டில் வைத்து, தடவிப் பார்க்கச் சொன்னார். பள்ளிக்கூடம் என்று பெயரில்லாத பள்ளிக்கூடம் அங்கே நடந்துகொண்டிருந்தது. ஆசிரியருக்கும் மாணவிக்கும் ஒரே கூலி, ஒரே வகுப்பு.

அந்தக் கையின் துல்லியத்துக்கு ஒரு சான்று இருக்கிறது. அதை நான் எந்தக் கூலி அறிவிக்கையிலும் பார்த்ததில்லை. உயிரியலில் இருக்கிறது. பயிரோடு சேர்ந்து வளரும் களைகள் காலப்போக்கில் பயிரைப்போலவே மாறிவிடுவதை ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வவிலோவ் எடுத்துக்காட்டினார். கோதுமை வயலில் களையாக இருந்த ரை என்ற தானியம் இப்படித்தான் கோதுமையை ஒத்து மாறி, கடைசியில் தானும் பயிராகிவிட்டது என்பது அவர் விளக்கம். அந்த ஒப்புமைக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நெல் வயலின் புல்லில் இது நடந்திருப்பதைச் சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகையிலிருந்து திரட்டிய செடிகளின் மரபணுக்களைப் படித்து 2019இல் ஒரு ஆய்வுக் குழு காட்டியது. நெல்லை ஒத்த வடிவம் அங்கே சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கிறது என்று அவர்கள் கணித்தார்கள். அந்தப் புல்லின் இயல்பான உறவினம் தரையோடு படர்ந்து கிளைவிடும், அடித்தண்டு செம்மை படிந்திருக்கும். நெல்லை ஒத்த வகையோ நெல்லைப்போல நிமிர்ந்து நிற்கிறது, அடித்தண்டும் பச்சை. செடி நிமிர்ந்து வளர்வதோடு தொடர்புள்ள மரபணுக்களில் தேர்வின் தடயம் இருந்தது.

இதை உண்டாக்கிய விசை எது? நெல்லை நெல் என்று கண்டு விட்டுவிட்டு, புல்லைப் புல் என்று கண்டு பிடுங்கிய மனிதக் கைகள். சாய்ந்து படர்ந்தது சிக்கியது, நிமிர்ந்து நின்றது தப்பியது. செந்தண்டு சிக்கியது, பச்சைத்தண்டு தப்பியது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இதற்குள் இருக்கும் கணக்கு புரியும். களையெடுத்தவர்கள் கண்டபடி பிடுங்கியிருந்தால், நெல்லைப்போல இருப்பதால் ஒரு புல்லுக்கு எந்தப் பயனும் கிடைத்திருக்காது. எல்லாப் புல்லும் ஒரே விகிதத்தில் செத்திருக்கும், எல்லாம் ஒரே விகிதத்தில் பிழைத்திருக்கும். ஒரு தாவரம் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டால்தான் தப்பலாம் என்ற நிலை வருவதற்கு, எதிரே இருந்த கண் தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் பார்த்திருக்க வேண்டும். அந்தப் புல் நெல்லைப்போல இருப்பதுதான் களையெடுத்தவர்களின் திறனுக்கு இயற்கை எழுதிவைத்த பதிவு. இதைப் படித்த நாளிலிருந்து, களையெடுப்பைத் திறனற்ற வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

களைக்கொல்லி வந்துவிட்டது, உருளைக் களைக்கருவி வந்துவிட்டது, இனி அந்தக் கைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கருவி வரிசைக்கு நடுவே ஓடும். குத்தோடு ஒட்டி நிற்கும் புல்லை எடுக்க மறுபடியும் ஆள்தான் இறங்க வேண்டும். கொல்லிக்குச் சாகாத புல் வகைகளும் உலகெங்கும் பெருகியிருக்கின்றன. ஆனாலும் தேவை குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஓர் அறிவின் தேவை குறைவதும் அது அறிவே இல்லை என்று சொல்வதும் வேறு வேறு.

உடலுழைப்பில் அறிவு இருப்பதை முதலாளிகளின் பக்கம் நின்ற ஒருவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர் 1911இல் எழுதிய அறிவியல் மேலாண்மை நூலில் பெத்லகேம் எஃகு ஆலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றுபவர்களைப் பற்றிச் சொல்கிறார். ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எப்போது தூக்குவது, எப்போது நிற்பது, எவ்வளவு நேரம் இளைப்பாறுவது என்று வகுத்துக் கொடுத்ததும் ஒருவர் நாற்பத்தேழரை டன் ஏற்றினார் என்பது அவர் தரும் கணக்கு. கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலருக்கு மட்டும் உயர்ந்தது. அந்தக் கணக்கை வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் ஐயத்தோடு பார்த்திருக்கிறார்கள். ஆனால் டெய்லரின் வாதத்தைக் கவனிக்க வேண்டும். கட்டி தூக்குவதற்குள் பெரிய அறிவியல் இருக்கிறது என்கிறார். அடுத்து, அந்த வேலைக்குத் தகுந்த உடல் படைத்தவனால் அந்த அறிவியலைப் புரிந்துகொள்ளவே முடியாது என்கிறார். வேலையில் அறிவு உண்டு, ஆனால் அது மேசைக்குப் பின்னால் இருப்பவருடையது. ஒரே நூலில் இரண்டையும் எழுத அவருக்குக் கை கூசவில்லை. தொழிலாளர் அறிந்ததை எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு அவரைத் திறனற்றவர் என்று வகுப்பது இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளில் பழக்கமாகிவிட்டது. 1974இல் ஹாரி பிரேவர்மன் உழைப்பைப் பற்றிய தன் நூலில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். இளமையில் செம்புக் கம்மியராக ஆலைகளில் வேலைபார்த்தவர் என்பதால் அவருக்கு இது ஏட்டுச் செய்தியாக மட்டும் இல்லை.

எந்தத் திறன் இப்படி மறைகிறது? எங்கே கற்றது என்பதைப் பொறுத்தது அது. இதைத் தெளிவாகச் சொன்னவர்கள் டயான் எல்சனும் ரூத் பியர்சனும். 1981இல் அவர்கள் எழுதிய கட்டுரை, மூன்றாம் உலக நாடுகளின் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் இளம்பெண்களை ஏன் தேடித்தேடி எடுக்கிறார்கள் என்று கேட்டது. சுறுசுறுப்பான விரல்கள், பொறுமை, கூர்மையான கண் இவையெல்லாம் பெண்களுக்குப் பிறவியிலேயே உண்டு என்பது முதலாளிகளின் பதில். பிறவியிலேயே வருவதற்கு யாரும் கூலி தர வேண்டியதில்லை அல்லவா? எல்சனும் பியர்சனும் அதை மறுத்தார்கள். சிறுவயதிலிருந்தே அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து தையலையும் நுண்ணிய கைவேலைகளையும் கற்றுத்தான் அந்த விரல்கள் அப்படி ஆயின. வீட்டுக்குள் நடந்த பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லை, செலவுக் கணக்கும் இல்லை. ஆகவே அது பயிற்சியாகவே தெரியவில்லை. ஐடிஐயில் இரண்டு ஆண்டு கற்றால் திறன், வீட்டில் பத்து ஆண்டு கற்றால் இயல்பு. நம் நாட்டில் இதோடு சாதியும் சேர்கிறது. ஒரு சமூகத்தின் தலையில் தலைமுறையாகச் சுமத்தப்பட்ட வேலையை அவர்கள் நன்றாகச் செய்தால், அது அவர்கள் ரத்தத்தில் இருப்பது என்று சொல்லிவிடுவார்கள். கற்றதாக ஒப்புக்கொண்டால் மதிப்புத் தர வேண்டிவரும்.

கட்டடம் நடக்கும் இடத்தில் இதைப் பச்சையாகப் பார்க்கலாம். பதினேழு வயதில் எடுபிடியாக வருகிற பையன் கரணையைத் தொட்டுப் பார்க்கிறான், தூக்குக்குண்டு பிடிக்கிறான், சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிறான். அதே நாளில் அதே இடத்துக்கு வந்த பெண் இருபத்தைந்து ஆண்டு கழித்தும் சித்தாள்தான். இத்தனைக்கும் பூச்சுக்கு மணல் எவ்வளவு, கட்டுவேலைக்கு எவ்வளவு, இன்றைய வெயிலுக்குத் தண்ணீர் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கலவையைக் கலக்குவது அவர். கலவை இறுகுவதற்குள் கொத்தனாரின் கைக்குப் போய்ச்சேர வேண்டிய நேரம் அவருக்குத் தெரியும். தலையில் சட்டியோடு, ஆடும் சாரத்தில், ஒரு கையால் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறத் தெரியும். கரணையைப் பெண்கள் பிடிக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பயிற்சி கொடுத்த இடங்களில் பெண்கள் நன்றாகவே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் மேஸ்திரியின் நோட்டில் அவர் வகுப்பு முதல் நாளே எழுதப்பட்டுவிடுகிறது, அதன்பின் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி வரும். எல்லா வேலையும் ஒன்றா? இதய அறுவை செய்பவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு படிக்கிறார். கலவை கலக்க அத்தனை ஆண்டு வேண்டாமே? வேண்டாம்தான். கற்க ஆகும் காலத்தில் வேறுபாடு இருக்கிறது. அதற்கேற்பக் கூலியில் வேறுபாடு வைப்பதையும் பேசலாம். என் மறுப்பு அந்தப் படிகளுக்கு அல்ல. முதல் படிக்குச் சுழியம் என்று பெயரிட்டதற்கு. குறைந்த காலத்தில் கற்பது என்று சொல்வது ஒரு அளவு. திறனே இல்லாதது என்று சொல்வது அளக்கவே மறுப்பது. அளக்க மறுத்த பிறகு அந்த வேலைக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பொருளியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான ஆடம் ஸ்மித்துக்கே இது தெரிந்திருந்தது. 1776இல் வந்த அவருடைய பெருநூலில், ஊர்ப்புற வேலைகள் பலவற்றுக்கு நகரத்துக் கைத்தொழில்கள் பெரும்பாலானவற்றைவிட அதிகத் திறனும் அனுபவமும் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பித்தளையிலும் இரும்பிலும் வேலைசெய்பவனின் கருவியும் பொருளும் என்றும் ஒரேமாதிரி இருக்கும். ஏர் ஓட்டுகிறவனின் மாடும் குதிரையும் உடலாலும் மனநிலையாலும் நாளுக்கு நாள் மாறும், மண்ணும் மாறும். மூடன் என்று ஊர் நினைக்கிற உழவனின் தீர்ப்பு தவறுவது அரிது என்கிறார். அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் எடுத்துக்காட்டி நான் பார்த்ததில்லை.

2020 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு தன் புதிய குடியேற்றக் கொள்கையை அறிவித்தபோது, திறன் குறைந்த வேலைகளுக்கு வெளிநாட்டவருக்கு வழி கிடையாது என்றது. முதியோரைக் கழுவித் துடைத்துப் பராமரிப்பவர்களும் அதற்குள் அடக்கம். அடுத்த மாதமே கொரோனா பரவி, அதே அரசு அதே மனிதர்களை முக்கியப் பணியாளர்கள் என்று அழைத்தது. ஆட்கள் போதாமல் 2022இல் பராமரிப்பாளர்களுக்கு விசா வழி திறந்தார்கள். இந்த இரண்டு ஆண்டில் அந்த வேலை மாறவில்லை. படுக்கையில் கிடப்பவரைத் தோல் உரியாமல் புரட்டிப் போடும் கை 2020இலும் அதே கைதான்.

அப்படியானால் எப்படி அளப்பது? அளந்து காட்டிய ஒரு வழக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் கேமல் லேர்ட் கப்பல் கட்டும் தளத்தின் உணவகத்தில் ஜூலி ஹேவர்ட் சமையல்காரராக இருந்தார். வண்ணம் பூசுபவர், தச்சர், வெப்பக் காப்புப் பணியாளர் ஆகிய மூன்று ஆண்களின் வேலைக்குத் தன் வேலை மதிப்பில் சமம் என்று வழக்குத் தொடுத்தார். தீர்ப்பாயம் சுயேச்சையான ஒரு வல்லுநரை அமர்த்தியது. அவர் வேலையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யவில்லை. உடலுக்கு எவ்வளவு பளு, சூழல் எவ்வளவு கடினம், திட்டமிடலும் முடிவெடுத்தலும் எவ்வளவு, என்ன அறிவும் திறனும் வேண்டும், பொறுப்பு எவ்வளவு என்று ஐந்து தலைப்பில் நான்கு வேலைகளையும் தனித்தனியே பார்த்தார். நான்கும் மதிப்பில் சமம் என்று அறிக்கை தந்தார். ஆனாலும் ஊதியம் பற்றிய வழக்கு இழுத்தது, ஹேவர்ட் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. 1988இல் பிரபுக்கள் அவை ஹேவர்டின் பக்கம் தீர்ப்பளித்தது. பெரிய அண்டாவில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நேரம் தவறாமல் சமைப்பதை, வீட்டில் பெண்கள் செய்வதுதானே என்று ஒதுக்காமல் ஒருவர் உட்கார்ந்து பார்த்ததால் வந்த தீர்ப்பு அது.

நமக்கும் இதற்கான கடமை இருக்கிறது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 1958இலேயே இணைந்துவிட்டது. வேலையை அதன் உள்ளடக்கத்தை வைத்து மதிப்பிட வேண்டும் என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் சட்டம் விவசாயத்தையும் தன் அட்டவணையில் வைத்திருந்தது. கூலியை நிர்ணயிக்கும் முன் குழு அமைத்து விசாரிக்க வழியும் தந்தது. கூலியை நிர்ணயிக்கும் குழுக்கள் விலைவாசியைப் பார்க்கின்றன, அரிசிக்கும் துணிக்கும் ஆகும் செலவைக் கூட்டுகின்றன. தேவைதான். கூடவே முதல் களை எடுக்கும் பருவத்தில் ஒரு வாரம் வரப்புக்கு வர வேண்டும். ஹேவர்டின் சமையலறையில் கேட்ட அந்த ஐந்து கேள்விகளையும் இங்கே கேட்க வேண்டும். குனிந்தே நிற்கும் முதுகு எவ்வளவு தாங்குகிறது, சேறும் அட்டையும் வெயிலும் எத்தனை மணி நேரம், ஒரு குத்துக்கு எத்தனை முடிவு, தவறினால் யாருடைய விளைச்சல் போகிறது, இதைப் பிழையில்லாமல் செய்ய ஒரு புதியவளுக்கு எத்தனை பருவம் ஆகிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல, பக்கத்தில் வைத்துக் கற்றுத்தரும் மூத்த பெண்களைக் குழுவில் உறுப்பினர்களாகவே உட்காரவைக்க வேண்டும். வகுப்பின் பெயரை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.